ஒலியைப் பகுத்து அடக்குதல்

மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழன்பர்கள் பலர், கச்சேரிப் பதிவுகளைக் கைப்பேசியிலேயே கேட்டுப் பழகியவர்கள். ஊரிலுள்ள உறவினர் அனுப்பிய பதிவாக அஃது இருக்கலாம். தாம் வாழும் நகரத்துச் சபையிலேயே எடுத்த பதிவாகவும் இருக்கலாம். அவ்வாறு கேட்கும்பொழுது ஒரு புதிரைச் சிலரேனும் கவனித்திருக்கக் கூடும். பாடகியின் குரல் சீராகச் சென்றுகொண்டிருக்கும். திடீரென்று, கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று வந்து அழுத்தியது போல அக்குரல் தாழும். அடுத்த கணமே மீண்டும் எழும். இவ்வாறு தாழ்ந்தும் எழுந்தும் செல்வது ஒரு கணக்கோடு, தாளத்தை ஒட்டியே நிகழ்வதாகவும் தோன்றும். ஆலாபனையின்போது இக்குறை இல்லை. கீர்த்தனை தொடங்கிய பின்னரே தலைகாட்டுகிறது.

இது பாடகியின் குற்றமன்று. கைப்பேசியின் கோளாறும் அன்று. மிருதங்கத்தின் இடப்புறமாகிய தொப்பியில் விழும் ஒவ்வோர் அடியும் குரலைக் கீழே தள்ளுகிறது. ஆனால் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஆற்றல் இல்லை. ஆகையால் தள்ளியவனைக் காண முடிவதில்லை. தள்ளுண்டவன் தடுமாறுவது மட்டும் தெரிகிறது. பதிவுக்கு இறுதி மெருகு ஊட்டியவர் ஒரு கருவியைப் பொருந்தாத முறையில் கையாண்டதே இதற்குக் காரணம். அக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, அதன் குறையை நீக்க ஒலியைப் பகுத்து அடக்கும் முறை எவ்வாறு தோன்றியது, அம்முறையை எங்கே கையாளலாம், எங்கே கையாளலாகாது என்பவற்றை இங்குக் காண்போம்.

ஒலிப்பதிவின் கடைசிப் படியை ‘மாஸ்டரிங்’ என்பர். பாடகர், வயலின், மிருதங்கம் ஆகிய பல ஒலிவாங்கிகளின் ஒலியை அளவறிந்து ஒன்றாகக் கலப்பது அதற்கு முந்திய படி. கலந்து முடிந்த பதிவை எடுத்து, அஃது எந்த வீட்டில், எந்தக் கருவியில் ஒலித்தாலும் இனிதாகக் கேட்குமாறு செப்பனிடுவதே மாஸ்டரிங். சமையல் முடிந்த பின்னர் உப்பும் காரமும் சரிதானா என்று பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். அந்நேரத்தில் காய்களைத் தனித்தனியே எடுத்து வேறு விதமாக வேகவைக்க இயலாது.

இவ்வேலையில் முக்கியமானது, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைத்தல். மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்து கேட்பவருக்கு மெல்லிய கார்வையும் கேட்கும். தனி ஆவர்த்தனத்தின் முழக்கமும் இன்பமாகவே இருக்கும். அதே இசையை மும்பையின் புறநகர் இரயிலில் கேட்பவருக்கு அப்படியன்று. மெல்லிய பகுதி வண்டியின் இரைச்சலில் மறைந்துபோகும். அதற்காக ஒலியைக் கூட்டி வைத்தால், முழக்கம் வரும்போது காது அதிரும். இந்த இடைவெளியைச் சற்றுச் சுருக்கித் தரும் கருவியே ‘கம்ப்ரெஸர்’. அதனை ஒலியடக்கி எனத் தமிழில் வழங்கலாம்.

ஒலியடக்கிக்கு நான்கு கட்டளைகள் உண்டு. முதலாவது எல்லையளவு, தொழிலில் ‘திரெஷோல்ட்’ என்பர். ஒலி இவ்வெல்லையைத் தாண்டினாலன்றிக் கருவி எதுவும் செய்யாது. இரண்டாவது விகிதம், ‘ரேஷியோ’ என்பர். எல்லையைத் தாண்டிய பகுதியை எத்தனையில் ஒரு பங்காகக் குறைப்பது என்பதை இது குறிக்கும். மூன்றாவது பற்றும் நேரம், ‘அட்டாக்’ என்பர். எல்லை தாண்டிய ஒலியைக் கருவி எவ்வளவு விரைவில் பிடித்து அடக்க வேண்டும் என்பது அது. நான்காவது விடும் நேரம், ‘ரிலீஸ்’ என்பர். ஒலி தணிந்த பின்னர் எவ்வளவு நேரத்தில் பிடியைத் தளர்த்த வேண்டும் என்பது அது.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். இன்றைய எண்முறைப் பதிவில் ஒலி எட்டக்கூடிய உச்சியைச் சுழி என்று வைத்து, அதற்குக் கீழே எத்தனை டெசிபெல் என்று அளப்பது மரபு. எல்லையளவை உச்சிக்கு 18 டெசிபெல் கீழே வைத்தோம். விகிதத்தை நான்குக்கு ஒன்று என வைத்தோம். தொப்பியில் வலுவான அடி ஒன்று விழுகிறது. அஃது உச்சிக்கு 6 டெசிபெல் கீழே வரை எழுகிறது என்று கொள்வோம். அப்படியானால் எல்லையை 12 டெசிபெல் தாண்டிவிட்டது. நான்கில் ஒரு பங்காகிய 3 டெசிபெல் மட்டுமே அனுமதிக்கப்படும். மிச்சம் 9 டெசிபெல் குறைக்கப்படும்.

இங்கேதான் தொல்லை பிறக்கிறது. கருவியின் முன் வருவது கலந்து முடிந்த ஒரே ஒலி. தொப்பியை மட்டும் பிடித்து 9 டெசிபெல் குறைக்க அதற்கு வழியில்லை. அந்தக் கணத்தில் ஒலித்த குரல், வயலின், தம்புரா அனைத்தையும் சேர்த்தே அது குறைக்கிறது. 9 டெசிபெல் குறைவதென்றால் ஒலியலையின் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். வகுப்பில் ஒரு மாணவன் கூச்சலிட்டான் என்பதற்காக எல்லோருடைய வாயையும் பொத்துவது போன்றது இது. கைப்பேசியில் நாம் கேட்ட புதிரின் விடை இதுவே.

இதற்குப் பரிகாரம் என்ன? கூச்சலிட்டவனை மட்டும் தனியே அழைத்துக் கண்டித்தல். ஒலியுலகில் அதற்கு ஒரு வழி உண்டு. மனிதச் செவி விநாடிக்கு 20 முதல் 20,000 வரை அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்க வல்லது. அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். தொப்பியின் முழக்கத்தில் பெரும்பகுதி ஏறத்தாழ 100 ஹெர்ட்சைச் சூழ்ந்து நிற்பது. ‘ச’, ‘ஸ’ ஆகிய எழுத்துகளின் சீறல் 5,000 ஹெர்ட்சுக்கு மேலே விளங்குவது. ஆகவே வடிகட்டிகளைக் கொண்டு ஒலியைத் தாழ்ந்த பட்டை, நடுப்பட்டை, உயர்ந்த பட்டை எனப் பகுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒலியடக்கி ஒன்றைத் தனித்தனியே அமைத்து, பின்னர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். இதுவே ‘மல்ட்டிபேண்ட் கம்ப்ரெஸர்’ என்னும் பல்பட்டை ஒலியடக்கி.

இந்த எண்ணத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்க விஞ்ஞானியான ரே டால்பி, 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தியாவில் பணிபுரிந்தார். சண்டீகரில் உள்ள மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனத்துக்கு ஆலோசனை கூறுவது அவர் பணி. அக்காலத்து ஒலிநாடாவில் இசையைப் பதிவு செய்தால், ‘உஸ்’ என்னும் இரைச்சல் கூடவே பதியும். அதனை நீக்க அவர் கண்ட உபாயம், மெல்லிய ஒலிகளை உயர்த்திப் பதிவு செய்து, திருப்பிக் கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவது. தாழ்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். ஆனால் ஒலி முழுவதையும் ஒன்றாக வைத்து இதனைச் செய்தால், முழவின் ஒவ்வோர் அடிக்கும் இரைச்சல் எழுந்து எழுந்து அடங்கும். ஆகையால் டால்பி ஒலியை நான்கு பட்டைகளாகப் பகுத்தார்: 80 ஹெர்ட்சுக்குக் கீழ், 80 முதல் 3,000 வரை, 3,000க்கு மேல், 9,000க்கு மேல். ஒரு பட்டையில் நிகழ்வது மற்றொன்றைத் தொடாதபடி அமைத்தார். 1965ஆம் ஆண்டு இலண்டனில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்திலிருந்து இக்கருவி வெளிவந்தது. இஃது இரைச்சலை நீக்கும் கருவியே அன்றி மாஸ்டரிங் கருவி அன்று. ஆயினும், முழவின் அடி உயர்ந்த ஒலிகளைப் பாதிக்கலாகாது என்னும் கொள்கை இரண்டுக்கும் பொதுவானது.

1970களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் இக்கொள்கையைத் தம் ஒலிபரப்பிலே புகுத்தின. மைக் டரோ என்பவர் அமைத்த மூன்று பட்டைக் கருவி அவ்வகையில் பெயர் பெற்றது. பின்னர் எண்முறைத் தொழில்நுட்பம் பெருகிய 1990களில், பல்பட்டை ஒலியடக்கி மாஸ்டரிங் செய்வோர் கைக்கும் எளிதாக வந்து சேர்ந்தது. இன்று ஒரு சாதாரணக் கணினியிலேயே அஃது இயங்குகிறது. எளிதாகக் கிடைக்கும் வலிய மருந்து எதுவோ, அதனால் விளையும் கேடும் மிகுதி. எனவே அளவறிந்து அதனை வழங்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பாடகியின் கச்சேரிப் பதிவு நம்மிடம் உள்ளது என்று கொள்வோம். பகுக்கும் எல்லைகளைத் தேர்வதே முதல் வேலை. தொழிலில் இதனைக் ‘கிராஸ்ஓவர்’ என்பர். ஐந்து கட்டையின் ஆதார சட்ஜமம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். ஆகையால் தாழ்ந்த பட்டையின் எல்லையை 120 ஹெர்ட்சில் வைத்தால், மந்தர பஞ்சமம் வரை குரல் முழுவதும் எல்லைக்கு மேலேயே நின்றுவிடும். தொப்பியின் முழக்கத்தில் பெரும்பகுதி கீழே பிரிந்துவிடும். மேல் எல்லையை 5,000 ஹெர்ட்சில் வைக்கலாம். மூன்று பட்டைகள் போதும்.

இனித் தாழ்ந்த பட்டையின் ஒலியடக்கியை மட்டும் இயக்குவோம். சாதாரணமான தொப்பி அடிகள் உச்சிக்கு 12 டெசிபெல் கீழும், வலுவான அடிகள் 6 டெசிபெல் கீழும் எழுகின்றன என்றால், எல்லையளவை 12இல் வைத்து, விகிதத்தை இரண்டுக்கு ஒன்று என அமைப்போம். சாதாரண அடிகளைக் கருவி தொடாது. வலுவான அடி எல்லையை 6 டெசிபெல் தாண்டும். அதில் பாதி, அதாவது 3 டெசிபெல் மட்டும் குறையும். குரலோ வயலினோ சிறிதும் அசையாது. அதுவரை வலுவான தொப்பி அடியே பதிவின் உச்சமாக இருந்ததென்றால், பதிவு முழுவதையும் ஏறத்தாழ 3 டெசிபெல் உயர்த்திக்கொள்ளவும் இப்பொழுது இடம் கிடைக்கிறது.

நேர அளவுகளிலும் கருத்து வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடிவதற்கு 10 மில்லிசெகண்டு ஆகும். அதாவது விநாடியில் நூறில் ஒரு பங்கு. பற்றும் நேரத்தை 1 மில்லிசெகண்டு என்று வைத்தால், கருவி அடியை அடக்குவதற்குப் பதிலாக ஒவ்வோர் அலையின் வடிவத்தையே நெளிக்கத் தொடங்கும், முழக்கம் கரகரப்பாகும். 30 மில்லிசெகண்டு அளவில் வைத்தால் அடி விழும் முதற்கணம் உயிரோடு தப்பிவிடும். அதன் பின்னர் தொடரும் முழக்கம் மட்டும் அடங்கும். விடும் நேரத்தை வாசிப்பின் வேகத்தோடு ஒட்டி அமைக்க வேண்டும். விநாடிக்கு நான்கு அடிகள் விழுகின்றன என்றால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 250 மில்லிசெகண்டு உண்டு. அதற்குள் கருவி தன் பிடியைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தாவிட்டால், அது தாழ்ந்த பட்டையை நிலையாகக் குறைத்து வைத்ததாகவே முடியும். அதற்கு இத்தனை சிக்கலான கருவி தேவையில்லை.

உயர்ந்த பட்டைக்கும் இவ்வாறே ஒரு பணி உண்டு. சில குரல்களில், ஒலிவாங்கி அருகில் இருக்கும்போது, ‘ஸ’, ‘ஷ’ ஆகிய எழுத்துகள் சீறிக்கொண்டு வரும். ‘ஈக்வலைசர்’ கொண்டு உயர்ந்த ஒலிகளை நிலையாகக் குறைத்துவிட்டால் சீறல் தணியும். ஆனால் வயலின் வில்லின் உராய்வும் தம்புராவின் ஜீவாரியும் கூடவே மங்கும். சீறல் எழுந்த கணத்தில் மட்டும் அந்தப் பட்டையை அடக்கினால் மற்ற நேரங்களில் ஒளி குன்றாது. ‘டீ-எஸ்ஸர்’ என்று தனிப்பெயரோடு வழங்கும் கருவி இவ்வொரு பணிக்கென்றே அமைந்த பட்டை ஒலியடக்கிதான். இங்குப் பற்றும் நேரம் ஓரிரண்டு மில்லிசெகண்டாக இருக்கலாம். உயர்ந்த ஒலியின் அலைகள் மிகக் குறுகியவை ஆதலின் நெளிந்துவிடும் என்ற அச்சம் இல்லை.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளிலும் பொதுவான ஒன்று உண்டு. குற்றம் ஒரு பட்டையில் மட்டும் இருக்கிறது. அதுவும் எப்பொழுதும் இராமல் வந்து வந்து போகிறது. இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் பல்பட்டை ஒலியடக்கிக்கு வேலை. குற்றம் ஒரு பட்டையில் இருந்து, எப்பொழுதும் இருப்பதாயின் ஈக்வலைசர் போதும். குற்றம் வந்து வந்து போவதாயினும், எல்லாப் பட்டைகளிலும் ஒருங்கே இருந்தால் சாதாரண ஒலியடக்கி போதும். ஒலியளவைக் கையாலேயே ஏற்றி இறக்குவது அதனினும் நன்று. தனித்தனி ஒலிவாங்கிகளின் பதிவு கைவசம் இருக்குமாயின் இவற்றில் எதுவும் வேண்டாம். கலவைக்கே திரும்பிச் சென்று, தொப்பியின் ஒலிவாங்கியைச் சற்றுக் குறைப்பதே முறையான சிகிச்சை. கலந்து முடிந்த பதிவைத் தவிர வேறொன்றும் கிடைக்காத இடத்தில்தான் இக்கருவி உண்மையான உதவி. வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பழைய சபைப் பதிவுகளில் பெரும்பாலானவை அத்தகையவை.

இனி அதனால் நேரும் கேடுகளைச் சொல்ல வேண்டும். முதற்கேடு, இசைக்கருவிகள் பட்டைகளின் எல்லைக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதால் வருவது. மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவில் பணியாற்றிய சர் சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் இதழில் நம் நாட்டு முழவுகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். சாதாரண முழவில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து வருவன அல்ல. தோலின் நடுவே பூசப்படும் கரிய பூச்சின் பாரத்தால், நம் முழவுகளில் அவை அடிப்படைச் சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு என ஒழுங்குபட நிற்கின்றன என்று அவர் காட்டினார். மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து பாடுவதன் காரணம் அதுவே. ஆக, ஒரே அடியின் அடிப்படை ஒரு பட்டையிலும் மேற்சுரங்கள் அடுத்த பட்டையிலுமாக நிற்கக் கூடும். ஒரு பட்டையை மட்டும் கடுமையாக அடக்கினால், ஒழுங்காக நின்ற அந்த வரிசையில் ஒன்று தாழும், மற்றவை நிற்கும். அடி மெலிவதோடு நில்லாது, நாதமே மாறிவிடும். இரண்டு மூன்று டெசிபெல்லுக்கு மேல் அடக்கலாகாது என்று அனுபவமுடையோர் கூறுவது இதனாலேயே.

இரண்டாவது கேடு, எல்லையைத் தவறான இடத்தில் வைப்பதால் வருவது. மேற்கூறிய அதே அமைப்பை ஒரு கட்டைச் சுருதியில் பாடும் பாடகரின் பதிவுக்கு அப்படியே வைத்தால் என்ன ஆகும்? அவருடைய ஆதார சட்ஜமம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். எல்லையோ 120இல் இருக்கிறது. சட்ஜமத்தில் நிற்கும் குரல் ஒரு பட்டையில் இருக்கும்; அவர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கியதும் குரலின் அடித்தளம் மற்றொரு பட்டைக்குள் விழும். அங்கே தொப்பி அடிக்கும்பொழுதெல்லாம் அதுவும் சேர்ந்து அடங்கும். தொப்பியும் குரலும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இத்தகைய பதிவில், எல்லையை 90 ஹெர்ட்சுக்கு அருகே இறக்கி, கிடைக்கும் சிறு பயனோடு மனநிறைவு கொள்ள வேண்டும். அல்லது கருவியைத் தொடாமலே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது கேடு பகுப்பதிலேயே உள்ளது. ஒலியைப் பகுத்துச் சேர்த்தால் பழைய ஒலி அப்படியே திரும்பி வருவதில்லை. 1976ஆம் ஆண்டு சீக்பிரீட் லிங்க்விட்ஸ் என்பவர் வெளியிட்ட வடிகட்டி அமைப்பு இன்று பெரிதும் கையாளப்படுகிறது. ரஸ் ரைலி என்பவரின் பெயரும் அதனோடு சேர்ந்து வழங்கும். அதில் பட்டைகளைச் சேர்க்கும்போது ஒலியின் அளவு சரியாக மீளும். ஆயினும் எல்லைக்கு அருகிலுள்ள ஒலிகளின் அலைகள் நேரத்தில் சற்றே முன்பின்னாகும். அந்தப் பிசகும் இராத வேறு வகை வடிகட்டிகள் உண்டு. ஆனால் அவற்றில், முழவின் அடி விழுவதற்குச் சற்று முன்னரே அதன் மெல்லிய நிழல் போன்றதோர் ஒலி தோன்றும். எவ்வழியிலும் ஒரு விலை கொடுத்தே தீர வேண்டும். ஐந்து பட்டைகள் இருக்கின்றனவே என்று ஐந்தையும் இயக்குவது, சட்டையில் ஒரு கிழிசல் இருந்ததற்காக ஐந்து இடங்களில் தையல் போடுவதாகும்.

நான்காவது கேடு மிகப் பெரியது. எல்லாப் பட்டைகளையும் எப்பொழுதும் அடக்கிக்கொண்டே இருந்தால், பதிவு முதலில் கேட்பதற்கு நிறைவாகவும் பளபளப்பாகவும் தோன்றும். சிறிது நேரத்தில் காது சலிக்கும். ஆலாபனையில் பாடகர் மந்தரத்தில் மெல்லத் தொடங்கி, படிப்படியாக வளர்த்து, தார சட்ஜமத்தில் வந்து நிற்கிறார். அந்த வளர்ச்சியே அதன் பொருள். ஒவ்வொரு பட்டையும் தன் அளவுக்கு இழுத்துச் சமமாக்கிய பின்னர், தார சட்ஜமம் வந்து சேரும். ஆனால் அதனை எட்டிய உணர்வு வராது. மேட்டையும் பள்ளத்தையும் வெட்டிச் சமமாக்கிய நிலத்தில் மலையேறிய களிப்பு எங்கிருந்து வரும்?

உரக்கக் கேட்க வேண்டும் என்னும் ஆசையே பலரை இக்கேட்டில் செலுத்துகிறது. அந்த ஆசைக்கும் இன்று பயன் குறைவு. உணரப்படும் ஒலியளவை அளக்கும் முறையொன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ஆம் ஆண்டு வகுத்தது. அதனை அடியொற்றி 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நிகழ்ச்சிகளுக்கெனப் பொது அளவொன்றை நிறுவியது. இணையவழி இசைச் சேவைகள் பலவும் இப்பொழுது இவ்வாறே அளந்து, உரத்த பதிவைத் தாமே குறைத்து ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கி உயர்த்திய பதிவு அங்கே தன் உயரத்தை இழந்துவிடும். நசுங்கிய குறை மட்டும் எஞ்சும்.

அப்படியானால் சரியான அளவில் நின்றிருக்கிறோமா என்று அறிவது எப்படி? முதலாவதாக, கருவியை இயக்கியும் நிறுத்தியும் மாறிமாறிக் கேட்க வேண்டும். அப்பொழுது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எதுவாயினும் அதுவே நன்றாயிருப்பதாகத் தோன்றுவது மனிதச் செவியின் இயல்பு. இரண்டாவதாக, ஒரு பட்டையைத் தனித்து ஒலிக்கச் செய்து குற்றத்தைக் கண்டுகொண்டாலும், தீர்ப்பை முழு ஒலியைக் கேட்டே கூற வேண்டும். மூன்றாவதாக, பெரிய ஒலிபெருக்கியில் ஒரு முறையும் கைப்பேசியில் ஒரு முறையும் கேட்க வேண்டும். தாழ்ந்த ஒலி கேளாத கைப்பேசி, குரல் தள்ளுண்டு தடுமாறுவதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் சிறந்த சோதனை ஒன்று கர்நாடக இசையிலேயே அமைந்திருக்கிறது. அதுதான் தம்புரா. பாடகர் ஏறுவார், இறங்குவார். மிருதங்கம் முழங்கும், ஓயும். தம்புரா மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஜீவாரியின் பயனால் அதன் மேற்சுரங்கள் நடுப்பட்டையிலும் உயர்ந்த பட்டையிலும் பரவி நிற்கின்றன. எனவே பாடகர் நிறுத்திய இடைவெளியில் தம்புரா பொங்கி எழுந்தாலும், தொப்பி விழும்போது பதுங்கினாலும், அது தம்புராவின் செயலன்று; கருவி மிகையாக உழைக்கிறது என்பதற்குச் சாட்சி. மேனாட்டு இசையை மாஸ்டரிங் செய்வோருக்கு இத்தகைய நிலையான சாட்சி எப்பொழுதும் கிடைப்பதில்லை. நமக்கு ஒவ்வொரு கச்சேரியிலும் அது பின்னால் அமர்ந்திருக்கிறது. அதன் மீது ஒரு செவியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துவோர் தவறுவது அரிது.

இறுதியாக ஒன்று. வெளிமாநிலங்களில் ஒரு தலைமுறையாகவோ இரு தலைமுறையாகவோ வாழ்ந்துவரும் குடும்பங்கள் பலவற்றில், பழைய ஒலிநாடாக்கள் இன்னும் இருக்கின்றன. நகரத்துச் சபையில் என்றோ நடந்த கச்சேரி, வீட்டுக் கொலுவில் பாட்டி பாடிய பாட்டு, திருமணத்தில் ஒலித்த நாகசுரம் என அவை பலவகை. பாடியவர் பலர் இன்றில்லை. அந்நாடாக்களை எண்முறைக்கு மாற்றும் இளைஞர்கள், பிறந்து வளர்ந்த இடத்தால், அக்குரல்களை நேரிற் கேட்டிராதவர்கள். அவர்கள் செப்பனிட்டுத் தருவதே இனி வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டியின் குரல். ஆகையால் முதலில், எதனையும் தொடாத மூலப் பதிவின் படி ஒன்றைத் தனியே காத்து வைக்க வேண்டும். அதன் பின்னர் மற்றொரு படியில், குற்றமுள்ள பட்டையை, குற்றமுள்ள கணத்தில், குற்றத்தின் அளவுக்கே அடக்க வேண்டும். கருவியில் இன்னும் எத்தனையோ திருகுகள் உண்டு. அவற்றைத் திருகாமல் விடுவதும் இக்கலையின் ஒரு பகுதியே.